பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள்

இஞ்சாருங்கோ,

கேட்கிறதோ? டென்மார்க்கின் இந்த இக்காஸ்ட் ஊரில் ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. வேலையால் வந்து சப்பாத்தும் கழற்றாமல் இருந்து எழுதுகிறேன். முதியோர் இல்லத்தில் இன்றைக்கும் ஆள் குறைவு, இடுப்பு விட்டுப்போகிறது. “இஞ்சாரும், முதல்ல இரும், இருந்து தேத்தண்ணியைக் குடியும்” என்று உங்களைப்போலச் சொல்ல இப்போது யார் இருக்கிறார்கள்?

என்னோடு வேலை செய்யும் லூப்பே மெக்சிக்கோக்காரி. அவர்கள் ஊரில் நவம்பர் பிறந்ததும் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம். படமும் பூவும் விருப்பமான சாப்பாடும் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். “உன்ர மனிசன்ர படத்தையும் கொண்டு வா” என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தியேட்டிக் கிரியை செய்து நல்லபடி அனுப்பிவைத்த மனிசனை ஏன் திரும்ப அலைக்கழிக்கவேணும்? ஆனால் வெறும் வீட்டுக் கதவைத் திறப்புப் போட்டுத் திறக்கும்போது, ஒருக்கால் வந்தால்தான் என்ன என்று பட்டது.

நேற்று மகள் துளசிதான் காரில் கூட்டிக்கொண்டு போனாள். லூப்பேயின் மேசை நிறையச் செம்மஞ்சள் பூ, மெழுகுதிரி. உங்கள் படத்துக்கு முன்னால் தேத்தண்ணி வைத்தேன். சீனி அள்ளிப் போட்டுத்தான். இனி உங்களுக்கு என்ன சலரோகம்?

லூப்பே தன் தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அடுத்தது நான். வாய் வரவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து உங்கள் பெயரை ஒருக்காலாவது சொன்னேனா? கொம்யூன் அலுவலகத்தில் உங்கள் பெயரைக் கேட்டால்கூடத் துளசியின் முகத்தைத்தானே பார்ப்பேன்!

“மோர், சொல்லுங்கோவன்” என்றாள் துளசி. டேனிஷில் அம்மாவை அவள் ‘மோர்’ என்று கூப்பிடும்போதெல்லாம், “மோர் இருக்கு, தயிர் எங்கை?” என்று பகிடி விடுவீர்களே.

“நான் சொல்லட்டோ?” என்றாள்.

“வேண்டாம். நீ கூப்பிட்டால் உனக்காகத்தான் வருவார்.”

எனக்காக வரவேண்டும். நான் கூப்பிடாததால் வாசலோடு திரும்பிப் போய்விட்டால்? கடைசியில், அடுப்படியில் நின்று கூப்பிடுகிறமாதிரிச் சத்தமாக, “இஞ்சாருங்கோ!” என்றேன்.

“அதுதான் அவருடைய பெயரோ?” என்று லூப்பே கேட்டாள்.

“ஓம்” என்றேன். துளசி சிரித்தாள், பிறகு அழுதாள்.

தமிழ்க் கடையில் ஒருநாள் நான் அப்படிக் கூப்பிட, நின்ற ஆம்பிளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், நினைவிருக்கிறதோ? நீங்கள் மட்டும் திரும்பாமல், “வாறன், பொறும்” என்றீர்கள்.

களைப்பு அப்படியேதான் இருக்கிறது. நாளைக்கும் விடிய வேலை. இப்போது எழும்பித் தேத்தண்ணி போட்டு, நீங்கள் சொல்கிறமாதிரி இருந்து குடிக்கப்போகிறேன். வருகிற வருடமும் இதே சொல்லால்தான் கூப்பிடுவேன். அவசரமில்லை, ஆறுதலாக வாருங்கோ. பொறுத்திருப்பேன்.

உங்கட மனிசி,
இஞ்சாரும்