கை வைத்துப் பார்த்தார்கள்

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்றைக்கும் பார்வையாளர்கள். இரண்டு வேன், ஒரு கம்பெனி பஸ். என் ஞாயிற்றுக்கிழமைகளை யாராவது திருப்பிக் கொடுத்தால் தேவலை.

வேலையின் பெயர் என்னவோ பெரியது. ஏரி காயின், மைனிங் யூனிட், மெயின்டனன்ஸ் இன்ஜினியர். மெஷின்கள் ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டு கம்ப்யூட்டர் காசு எடுக்கும், பணம் போட்டவர்களுக்கு அதில் பங்கு என்று பேச்சு. நான் செய்வது என்ன? சேரப்பணஞ்சேரி ஷெட்டில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு கிரீஸ், ஜெனரேட்டருக்கு டீசல், எலி வராமல் பார்ப்பது. மெஷினைத் திறக்கக் கூடாது, சீல் உடைந்தால் வாரண்டி போய்விடும் — சிவசங்கர் சார் உத்தரவு. நான் ஒரு ஃபேக்டரியின் பிரஸ் ஷாப்பில் டிரெய்னியாக இருந்தபோது அவர் அங்கே லைன் சூப்பர்வைசர். இப்போது ஒரகடத்தில் கண்ணாடி ஆபீஸ், வெள்ளைக் கார், படப்பை வரைக்கும் அவர் முகம் போட்ட பேனர். ‘ஏரி காயின் — இந்த ஏரி வற்றாது.’

வருகிறவர்கள் எல்லாரும் ஃபேக்டரி ஆட்கள். எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஸ்கிரீனில் ஓடும் நம்பரை யாரும் பார்ப்பதில்லை. நேராக மெஷினுக்குப் பின்னால் போய், வெளியே வரும் சூடான காற்றில் கையை வைக்கிறார்கள். “ஓடுது” என்கிறார்கள். முடிந்தது. சார் லைனில் இருந்தவர், இது அவருக்குத் தெரியும்.

இன்றைக்கு வந்த பஸ் அக்காவுடையது. மதிவதனி வேலை பார்க்கும் செல்போன் கம்பெனியின் ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ். ஒரு பஸ் பெண்களையும் லீவு நாளில் திரட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த பஸ்ஸுக்குள் மாதச் சீட்டு நடத்துகிற காஞ்சனா அக்காதான் முதலில் கை வைத்தாள்.

“ஆமாண்டி, இட்லி குண்டான் தொறந்தா மாதிரி கீது.”

“என் தம்பிதான் இத்த எல்லாம் பாத்துக்கறான்” என்றாள் மதி. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது, சாப்பிடப் போக வேண்டியிருந்தது.

செப்டம்பர் 12

பஸ் பெண்களின் சீட்டுப் பணம் மொத்தமும் ஏரி காயினுக்கு வந்துவிட்டது. ஆள் சேர்த்ததற்காக மதிக்கு ஒரு டேபிள் டாப் கிரைண்டர். அம்மா அதற்குக் குங்குமம் வைத்து மாவு ஆட்டினாள். தோசை நன்றாக இருந்தது.

செப்டம்பர் 19

இரண்டாவது வரிசைக்குப் போகும் பிரேக்கர் அடிக்கடி விழுந்தது. எங்கே கோளாறு என்று பார்க்க கிளாம்ப் மீட்டர் போட்டேன். ஒயரைக் கவ்வினால் போதும், எவ்வளவு கரண்ட் போகிறது என்று சொல்லிவிடும்.

கோளாறு கிடைத்தது. பழைய ஒயர். அதை விடு.

மைனிங் மெஷின் என்றால் ஒவ்வொன்றும் ஒரு பெரிய ஏசி இழுப்பதைவிட அதிகம் இழுக்க வேண்டும். இது ஒரு அயர்ன் பாக்ஸ் அளவுக்குக் கூட இழுக்கவில்லை. மீட்டர் பழுது என்று நினைத்தேன். பேட்டரி மாற்றினேன். வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவின் அயர்ன் பாக்ஸில் போட்டுப் பார்த்தேன். மீட்டர் சரி.

திரும்பப் போய் நெட் கேபிள் ஒன்றைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அழகாக டை போட்டு, லேபிள் ஒட்டி, ரேக்குக்குப் பின்னால் சுருட்டிக் கட்டி வைத்திருக்கிறது. எதிலும் சொருகவில்லை. எல்லாக் கேபிளும் அப்படித்தான்.

இது ஹீட்டர். ஹீட்டரும் ஃபேனும். அவ்வளவுதான்.

செப்டம்பர் 20

நேராகப் போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. “சார், அது மைனிங் மெஷின் இல்ல.”

சார் சிரித்தார். “இன்னா தம்பி, கிளாம்ப் போட்டுப் பாத்தியா? ஒரிஜினல் எல்லாம் வெளிநாட்ல ஓடிக்கினு கீது. அங்க கரண்ட் சீப்பு. இது ஷோரூம் பீஸு. கார் ஷோரூம்ல நிக்கற வண்டி ஓடுதா?”

“அது நிக்குதுன்னு தெரிஞ்சுதான் சார் பாக்கறாங்க. நாம ஓடுதுன்னு சொல்றோம்.”

“சூடு வருதா இல்லியா? அவனுக்கு அதான் வேணும். உனக்கு இன்னா வேணும், சொல்லு.”

நான் எதையும் கேட்கவில்லை. அவரே சம்பளத்தை ஏற்றினார். “சரி சார்” என்றேன். ஏன் சரி என்றேன்? வெளிநாட்டில் ஓடலாம். ஓடாமலும் இருக்கலாம். நான் போய்ப் பார்க்கவா முடியும்.

செப்டம்பர் 26

ஃபேன் பேரிங் இரண்டு மாற்றினேன். ஹீட்டருக்கு மெயின்டனன்ஸ். படித்தது இதற்குத்தான்.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். சார் பட்டு வேட்டியில் வந்து முதல் ரேக்குக்கு மாலை போட்டார். “கம்பெனிக்காரன் உங்களுக்குக் கூலி குடுத்தான். நான் மெஷினே குடுத்துகிறேன்” என்றார். விசில். சிலர் ரேக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

பொரி வாங்கிக்கொண்டு வந்த மதி கேட்டாள்: “டேய், காஞ்சனாக்கா பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணுமாம். போட்ட பணத்த எடுத்துடலாமா, இல்ல இருக்கட்டுமான்னு கேக்குது. அதுக்குள்ள இன்னாதான்டா கீது?”

“சிப்.”

“அப்ப நல்லாதான ஓடுது? இருக்கட்டும்னு சொல்லிரட்டா?”

“ம்.”

பொய் இல்லை. ஃபேன் கண்ட்ரோலரில் ஒரு சிப்பாவது இருக்கும்.

அக்டோபர் 23

தீபாவளி முடிந்து போனில் ஏரி காயின் ஆப்பைத் திறந்தால் பணம் எடுக்கும் பட்டன் இல்லை. ‘சர்வர் மேம்படுத்தப்படுகிறது.’ என்ன சர்வர்.

அக்டோபர் 27

ஷெட் வாசலில் கூட்டம். ஃபேனை நிறுத்தாதே என்று சார் போனில் சொன்னார். நிறுத்தவில்லை. ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் கூட்டம் பொறுமையாக இருந்தது. அதுதான் எனக்குப் புரியவில்லை.

நவம்பர் 3

பெங்களூரு ஏர்போர்ட்டில் சாரைப் பிடித்துவிட்டார்கள். டிவியில் காட்டினார்கள். கர்சீப்பால் முகத்தை மூடியிருந்தார். ஆனால் போட்டிருந்தது ஏரி காயின் டி-ஷர்ட். அம்மா பார்த்துவிட்டு, “பாவம், இளைச்சுட்டாரு” என்றாள். அப்புறம் கிரைண்டரைப் பார்த்தாள்.

ஷெட்டுக்கு சீல் வைத்தாகிவிட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குளித்தேன். சாப்பிட்டேன்.

நவம்பர் 6

மதியை யாரும் பஸ்ஸில் ஏறாதே என்று சொல்லவில்லை. ஏறினாள். காலி சீட் எல்லாவற்றிலும் டிபன் பையை வைத்துவிட்டார்களாம். மூன்றாவது வரிசை ஜன்னலோரம் எட்டு வருஷமாக அவள் இடம். அதில் காஞ்சனா அக்காவின் பை.

“எங்கடி உக்கார்றது?” என்று மதி கேட்டிருக்கிறாள்.

“போயி உன் தம்பி மெஷின் மேல உக்காரு. சூடா இருக்கும்.”

ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் நின்றுகொண்டே போனாளாம். இதை எல்லாம் அம்மாவிடம் சொன்னாள். என்னிடம் இல்லை.

நவம்பர் 10

மதி இப்போது ஷேர் ஆட்டோவில் போகிறாள். இரண்டு ஆட்டோ மாற வேண்டும். லேட் மார்க் விழுகிறது.

நவம்பர் 14

பஸ் பெண்கள் கொடுத்த புகாரில் மதி பெயரும் இருக்கிறது. ஆள் சேர்த்தாள், பரிசு வாங்கினாள், ஆகவே ஏஜென்ட். தம்பியே உள்ளே இன்ஜினியர், இவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம். கேட்பார்தானே. நானாக இருந்தாலும் கேட்பேன்.

கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக் காஞ்சிபுரம் போலீஸ் ஆபீஸ் வரை கொண்டுபோய் அவர்கள் மேஜை மேல் வைத்திருக்கிறாள். “இத்த எங்கம்மா வெக்கறது?” என்று கான்ஸ்டபிள் அலுத்துக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் மதி லேசாகச் சிரித்தாள்.

நவம்பர் 22

சாருடைய வக்கீல் சண்முகசுந்தரம் கூப்பிட்டார். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜின் ஏசி ஹாலில் சாப்பாடு. நான் செய்ய வேண்டியது சுலபம். ‘நான் பார்த்தவரை மெஷின்கள் சரியாக இருந்தன, தீபாவளி லீவில் யாரோ மாற்றியிருக்கலாம்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நான் சாட்சி.

“தெரிஞ்சு வேலை பாத்தேன்னு வாய தொறந்தீங்க, நீங்களும் அக்யூஸ்டு. அப்புறம் எந்த கம்பெனி கேட்டுக்குள்ள விடுவான்?”

ஒரகடத்தில் ஒரு பிளான்ட்டில் ஆஃபர் வந்திருக்கிறது. போலீஸ் வெரிஃபிகேஷன் பாக்கி. அது இவருக்கு எப்படித் தெரிந்தது?

“அப்ப எங்க அக்கா கதி?” என்றேன்.

“அவங்க விஷயம் நம்ம கேஸ்ல வராதுங்க தம்பி. ரசம் ஊத்திக்குங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 30

ஒன்றுமில்லை.

டிசம்பர் 3

ஃபேன் சத்தம் இல்லாமல் காது ஒருமாதிரி இருக்கிறது.

டிசம்பர் 8

மதி யூனிஃபார்ம் மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

“அன்னிக்கு சிப்னு சொன்னியே. அப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“எத்தினி நாளா?”

“பத்து பன்னண்டு நாளா.”

கை நிற்கவில்லை. துப்பட்டாவை உதறி நான்காக மடித்தாள்.

“அப்ப பணம் எடுக்க முடிஞ்சுதா?”

“தீபாவளி வரைக்கும் முடிஞ்சுது.”

“பஸ்ல ஒருத்திக்கும் கம்ப்யூட்டர் தெரியாதுடா. கை வெச்சுப் பாத்தாளுங்க. அப்பறம் உன் மூஞ்சியப் பாத்தாளுங்க. நீ தலையாட்னே. அதுக்குத்தான் போட்டாளுங்க.”

தலையாட்டினப்போ எனக்குத் தெரியாது. அது உண்மை. தெரிஞ்சப்புறம்? ஒரு வார்த்தை. “எடுத்துரு”ன்னு ஒரே வார்த்தை. பொரி தின்னுகினு நின்னேன். நேரா பேசறவன்னு பேரு எனக்கு. சார்கிட்ட நேரா பேசினேன். இவகிட்ட ‘ம்’.

டிசம்பர் 11

காஞ்சிபுரம் போனேன். இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். செப்டம்பர் 19-ஆம் தேதி அளந்தேன். 20-ஆம் தேதி முதலாளியிடம் சொன்னேன். சம்பளம் ஏற்றினார், வாயை மூடிக்கொண்டேன். அக்கா கேட்டாள். அவளிடம் பொய் சொன்னேன். அவளுக்கு எதுவும் தெரியாது.

“வக்கீல் வெச்சிருக்கியா?”

“இல்ல சார்.”

“வெச்சுக்கப்பா” என்றார். கெட்ட மனிதர் இல்லை.

டிசம்பர் 17

ஷெட்டைத் திறந்தார்கள். சாட்சிக்கு இரண்டு பேர், புகார் கொடுத்தவர்கள் சார்பில் காஞ்சனா அக்கா. மெயின் சுவிட்சைப் போடச் சொன்னார்கள். போட்டேன். எல்லா ஃபேனும் ஒரே நேரத்தில் எழுந்தன. குங்குமம் காய்ந்து பொரிந்து கிடந்தது.

இன்ஸ்பெக்டர் நேராக மெஷினுக்குப் பின்னால் போனார். கையை வைத்தார்.

“நல்லாதான்யா ஓடுது.”

நான் சீலை உடைத்து மூடியைக் கழற்றினேன். ஒரு ஹீட்டர் காயில், ஒரு ஃபேன், எடை இருக்கட்டும் என்று வைத்த ஒரு இரும்புப் பட்டை. மீதி வெறும் டப்பா.

காஞ்சனா அக்கா எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே காற்றில் கையை வைத்தாள். பழக்கம்.

“இன்னும் சூடாத்தான் கீது” என்றாள். யாரிடமும் இல்லை.

அப்புறம் என்னிடம்: “அவளுக்குத் தெரியாதா? நெசமாவா?”

“தெரியாதுக்கா. நான் சொல்லல.”

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

டிசம்பர் 21

நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். துணி எடுத்துக்கொண்டு வா என்றார்கள். அம்மா பிரஷ்ஷும் பேஸ்ட்டும் தனிக் கவரில் போட்டாள்.

ஜனவரி 19

ஜாமீன். பொங்கல் போய்விட்டது.

போன வாரம் கோர்ட் வராந்தாவில் சாரைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு, கையில் தண்ணி பாட்டில். முடிக்குச் சாயம் போய்விட்டது. நரை இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

“அந்த மீட்டர வூட்லயே வெச்சுட்டு வந்திருக்கலாம்ல தம்பி” என்றார்.

“பிரேக்கர் விழுந்துகினே இருந்துச்சு சார்.”

“நானே பாத்து நல்ல ஒயரா வாங்கிருக்கணும்” என்று தலையாட்டினார். சூப்பர்வைசர் மாதிரியே. எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஜனவரி 30

ஆஃபர் ரத்து என்று மெயில். எதிர்பார்த்ததுதான். ஏஜென்ட் பட்டியலில் மதி பெயரை எடுத்துவிட்டார்கள். கிரைண்டர் திரும்பி வராது. நான் மூன்றாவது அக்யூஸ்டு.

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் மதியோடு கூட்டு ரோடு வரை நடந்தேன். அவளுக்கு ஷேர் ஆட்டோ, எனக்குக் காஞ்சிபுரம் பஸ். திங்கள்தோறும் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்.

கம்பெனி பஸ் வந்தது. எப்போதும் போல எங்களைத் தாண்டிப் போகும் என்று நினைத்தேன். நின்றது. டிரைவர் கதவைத் திறந்தார். மூன்றாவது ஜன்னலில் காஞ்சனா அக்கா.

“இன்னாடி வேடிக்கை பாக்கறே? பஞ்ச் அடிக்க நேரமாவுது, ஏறு.”

மதி என்னைப் பார்க்கவில்லை. ஏறினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காஞ்சனா அக்கா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே யாரோ எதற்கோ சிரித்தார்கள். காஞ்சனா அக்கா என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ஜன்னலை இழுத்து மூடினாள்.

பஸ் கிளம்பியது. நான் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.