என் சாயங்காலத்தை வாசித்தவன்

1998 ஜூலை 19
இன்றைய லாக்கும் போயிற்று. நான் கம்ப்யூட்டரை எப்போது தொட்டேன், எதைத் திறந்தேன், எப்போது மூடினேன் என்று அது தானாகவே குறித்துவைத்து, ஒவ்வொரு நாளும் தொலைபேசி வழியாகப் பெங்களூரில் இருக்கும் என் மகன் செந்தில்வேலுக்கு அனுப்புகிறது. அந்தக் குறிப்புதான் லாக். குளியலறையில் வழுக்கி விழுந்து ஒரு பகல் முழுக்கக் கிடந்தேன் அல்லவா, அதற்குப் பிறகு அவன் செய்த ஏற்பாடு. லாக் தவறாமல் வந்துகொண்டிருக்கும்வரை இந்தப் பாறசாலை வீட்டில் நான் தனியாக இருக்கலாம். நின்றால் அவனுடைய மூன்றாம் மாடி பிளாட்டுக்குப் போயாகவேண்டும்.

நேரே அனுப்பினால் எஸ்.டி.டி. கட்டணம் ஏறுமாம். ஆகவே நெய்யாற்றங்கரையில் மோகனன் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரின் சர்வருக்கு முதலில் போகிறது. அங்கிருந்து இன்டர்நெட்டில் பெங்களூர்.

கர்க்கடகம், தமிழுக்கு ஆடி, பிறந்துவிட்டது. கோயிலில் மாதம் முழுக்க நடக்கும் ராமாயண வாசிப்புக்குப் பக்கத்து வீட்டு விலாசினி கூப்பிட்டாள். வீட்டிலேயே வாசித்துக்கொள்கிறேன் என்றேன். மூச்சு விடக்கூடாத இடமாகப் பார்த்து மூச்சு விடுகிறவள் வாசிப்பதை எப்படிக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

விளக்கேற்றி இரண்டு பக்கம் வாசித்தேன். பிறகு கம்ப்யூட்டரில் சீட்டாட்டம். தோற்றால் உடனே மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கிறேன். தோற்ற சீட்டுகளைப் பார்க்கப் பிடிக்காது.

ஜூலை 22
கோயில் நடையில், அத்தனை பேர் முன்னிலையில் விலாசினி: “உமையம்மா சேச்சி, இப்போ ராமாயணத்தில சீட்டுக்கட்டும் உண்டா? நேத்து சந்தியைக்கு எட்டு ஆட்டமாக்கும் ஆடினியளாமே!”

எல்லோரும் சிரித்தார்கள். “வனவாசத்தில் ராமனுக்கும் பொழுது போகவேண்டாமா?” என்று கேட்டுவிட்டு நிமிர்ந்து நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

எட்டுதான். ஜன்னல் சாத்தியிருந்தது. அப்படியானால் எவன் சொன்னான்?

ஜூலை 23
செந்தில்வேலுக்கு போன்.

“லாக்கைப் பூட்டியா அனுப்புத?”

“பூட்டெல்லாம் இல்லம்மா. எழுத்து அப்படியே போவும். அதை யாரு வாசிக்கப்போறா?”

கான்வென்டில் மதர் எங்கள் கடிதங்களைப் பிரித்து வாசித்துவிட்டுத் திரும்ப ஒட்டுவார். பசை அதிகமாக இருக்கும், நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். இங்கே பசைகூட இல்லை.

மோகனன்தான் வாசித்து ஊருக்குச் சொல்கிறான் என்றேன். “தெளிவு இல்லாம அவனைச் சொல்லாதீங்கம்மா. பாவம்.”

லாக்கை நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் மூன்றாம் மாடி. சரி. தெளிவு, அதாவது ஆதாரம், வேண்டுமா? தருகிறேன்.

ஜூலை 24
கம்ப்யூட்டரில் ஒரு கோப்பு உண்டாக்கினேன். உள்ளே ஒன்றும் இல்லை. பெயர் மட்டும் அழகான ஆங்கிலத்தில்: ‘உயில் – தெற்கு விளை மோகனனுக்கு’. தெற்கு விளை என்பது வீட்டுக்குத் தெற்கே கிடக்கும் என் தோப்பு. கோப்பின் பெயர் லாக்கில் போகும்.

நிம்மதியான தூக்கம்.

ஜூலை 25
காப்பி குடித்து முடிக்கவில்லை, வாசலில் ஸ்கூட்டர். மோகனன்! முன்னால் ஒரு முழு ஏத்தன் வாழைக்குலை.

“சும்மா வந்தேன் அம்மா. தெக்கு விளையில ஒரே காடு கேறிக் கிடக்கே. வெட்டித் தரட்டா?”

“யாரு வெட்டுவா மக்கா?”

“நான் இல்லியா!”

வெட்டினான். குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, “அந்த மூலையும், அந்த மூலையும்” என்று காட்டிக்கொடுத்தேன். மத்தியானத்துக்குள் விளை சுத்தம்.

செந்தில்வேலிடம் சொன்னேன். வேண்டியதற்கு மேல் சிரித்தான். “பூட்டு அனுப்புதேன்.”

ஜூலை 30
கூரியரில் பிளாப்பி வந்தது. அவன் போனில் சொல்லச் சொல்ல நானே ஏற்றினேன். இனி லாக் இந்த வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே எழுத்தெல்லாம் கலைந்துவிடும். சாவிச்சொல் தெரிந்த பெங்களூர் சர்வர் மட்டுமே அதைத் திரும்ப அடுக்கும்.

சாவிக்கு என் பிறந்த தேதி போதும் என்றான். ரேஷன் கார்டில் இருப்பதெல்லாம் ஒரு சாவியா? வேறொன்று வைத்தேன். அதை இங்கேயும் எழுதமாட்டேன்.

ஆகஸ்ட் 1
பூட்டிய நாள் முதல் லாக் பெங்களூர் போய்ச் சேரவில்லை! நான் நல்லாத்தான் இருக்கேன்லே, பேசிக்கிட்டுதானே இருக்கேன் என்றால் செந்தில்வேல் கேட்கிறானா?

“இன்னைக்கு பேசுதீங்க. மறுபடி விழுந்தா எனக்கு எப்படித் தெரியும்? டிக்கெட் எடுத்தாச்சு. பெட்டியைக் கட்டுங்க.”

கட்டமாட்டேன். கட்டவே மாட்டேன். என் வீடாக்கும் இது.

மாலை
மோகனன் போன் செய்தான். “அம்மா, பயப்படாதீங்க. உங்க லாக்கில வைரஸ் கேறியிருக்கு. ஒரு எழுத்தும் மனசிலாகல்ல. எங்க சர்வரில பரவாம இருக்க நானே வந்தது வந்தபடி அழிச்சிட்டேன்.”

“ஒண்ணுமே மனசிலாகல்லியா?”

“அம்மையாணை, ஒரு வரிகூட!”

“முன்னால எல்லாம் மனசிலாச்சு, இல்லியா?”

“பின்னே! அன்னைக்கெல்லாம் நல்ல தெளிவாட்டு இருந்துதே.”

அதை அப்படியே செந்தில்வேலிடம் போன் செய்து சொல்லும்படி அவனிடமே சொன்னேன். சொன்னான், பாவம்.

ஆகஸ்ட் 2
டிக்கெட் ரத்து. மோகனனிடம் செந்தில்வேல் பேசிய வார்த்தைகளை, கான்வென்டில் எழுதப் பழகிய இந்தக் கையால் எழுத இயலாது. லாக் முழுசாகப் போய்ச் சேர்ந்ததாம்.

ஆகஸ்ட் 9
கோயிலில் வாசிப்பு முடிந்து விலாசினி வந்தாள். முன்வாசல் வழியாக அல்ல, தென்னைகளுக்கு நடுவே புகுந்து, அடுக்களை வழியாக.

“சேச்சி, இந்தப் பெட்டியில நடக்கியது இப்போ மோகனனுக்குத் தெரியாதில்லா?”

“தெரியாது.”

“சத்தியமாட்டு?”

“பூட்டியாச்சு, விலாசினி.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “அப்போ எனக்கும் ஒரு ஆட்டம் காட்டித் தாங்க.”

ஆகஸ்ட் 10
காலையில் செந்தில்வேல் போன். “நேத்து ரொம்ப நேரம் ஆடியிருக்கீங்களே அம்மா, உறக்கம் வரலியா?”

“வரல்ல மக்கா” என்றேன். விலாசினி பெயரைச் சொல்லவில்லை.