முதுகில் சேற்றுக் கோடு

திங்கட்கிழமை

வணக்கம்.

உன்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட மனசு வரவில்லை. அதனால் வெறும் வணக்கம்தான். திரையைப் பார்த்தால் தலைக்கு ஆகாதென்று அம்மா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். எங்கள் கடையில் இஸ்திரி போடும் அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி உன் சித்தி வீட்டு முகவரியை வாங்கி எழுதுகிறேன்.

உயிரோடு இருக்கிறேன். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தலையில் பதினாலு தையல். விபத்துக்கு முந்தைய பத்து நாள் எனக்குள் இல்லை. கல்லூரி வாசலில் செருப்பு வார் அறுந்து நின்றது கடைசி ஞாபகம். அடுத்தது ஆஸ்பத்திரி மின்விசிறி. நடுவில் நடந்ததெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும். மழையில் நீ கண்மண் தெரியாமல் வண்டி ஓட்டினாயாம், பின்னால் நானாம். குறுக்கே வந்த மருந்துக்கடைக்காரர் மேல் மோதி, அவருக்குத் தொடை எலும்பு முறிந்ததாம். போலீஸில் நீயே ஒப்புக்கொண்டாயாம். கல்லூரியிலும் உன் பெயரை எடுத்துவிட்டார்களாம். என்னை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காமல் ஊரைவிட்டுப் போய்விட்டாய்.

வியாழக்கிழமைதோறும் அந்த மனிதர் தன் வெள்ளைக் கோட்டுகளைத் தூக்கிக்கொண்டு, கம்பு ஊன்றி, எங்கள் சலவைக்கடைக்கு வருகிறார். மாடி அறையில் இருக்கும் எனக்கு அவர் குரல் தரை வழியாகக் கேட்கும். உன்னை வாய்க்கு வந்தபடி திட்டுவார். கேட்க இதமாக இருக்கிறது என்று எழுதினால் கோபித்துக்கொள்வாயா? தாராளமாகக் கோபித்துக்கொள்.

ஆள் கூட்டம் என் தலைக்கு ஆகாது என்று அம்மா படிக்கட்டுக் கதவைக் கீழே பூட்டிவிடுகிறாள். வெந்நீர்த் தொட்டியின் ஆவி முழுக்க மேலே ஏறி வருகிறது. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தால் எண்ணி முடிப்பதற்குள் மறுபடி மங்கிவிடும், தெருகூடத் தெரியாது. இந்த வேக்காட்டில் மூன்று மாதமாகக் கிடக்கிறேன். எல்லாம் உன் புண்ணியத்தில்.

பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு காலத்தில் உன் சிநேகிதி


புதன்கிழமை

அன்புள்ள ஒட்டடைக்குச்சிக்கு,

உருண்டை எழுதுவது. அப்படிக் கூப்பிட இன்னும் எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கூப்பிட்டுவிட்டேன்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் எழுதிய கடிதத்துக்கு உன் பதில் வந்தது. இஸ்திரி அண்ணன் மடித்த சட்டைக்குள் வைத்து மேலே கொடுத்தனுப்பினார். 'உடம்பைப் பாத்துக்கோடீ.' அவ்வளவுதான். தூக்கத்தில்கூடப் பேசுகிறவளுக்கு ஒரே ஒரு வரியா, திமிரைப் பார் என்று கசக்கி எறிந்தேன். இன்று கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடி எடுத்து, நீவி, தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

எங்கள் கடை வழக்கம் உனக்குத் தெரியும். எந்தக் கறை எந்த இடத்தில் இருக்கிறது என்று சீட்டில் எழுதாமல் அம்மா ஒரு துணியையும் தண்ணீரில் போட மாட்டாள். கறை முன்பே இருந்ததா, நாங்கள் பண்ணியதா என்று பிறகு சண்டை வரக்கூடாதல்லவா. வீட்டுத் துணிக்கும் சீட்டுதான், என் கைக்குட்டைக்குக்கூட. உன் வண்டியின் பின்சக்கர மட்கார்டு உடைந்த நாளிலிருந்து, மழை பெய்தால் என் சட்டைச் சீட்டில் ஒரே வாசகம்தான் வரும்: முதுகில் கழுத்து முதல் இடுப்பு வரை சேற்றுக் கோடு. "உன் சிநேகிதிக்கு ஒரு தகரம் மாட்ட வழியில்லையா?" என்று அம்மா கத்துவாள். பின்னால் உட்கார்ந்து வந்த பாவத்துக்கு நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

சும்மா கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நான் ஓயாமல் நச்சரித்ததில், பழைய சீட்டுக் கட்டுகளைத் தேதிப்படி அடுக்கும் வேலையை அம்மாவே மாடிக்குக் கொடுத்தனுப்பினாள். நேற்று விபத்து நடந்த தேதிச் சீட்டுகள் கைக்கு வந்தன. அம்மா கையெழுத்தில் இரண்டு சீட்டு. என் வெள்ளைச் சட்டை: காலரில் ரத்தம், இடது முழங்கை கிழிசல், முதுகு சுத்தம். உன் மஞ்சள் மழைக்கோட்டு: முதுகில் கழுத்து முதல் இடுப்பு வரை சேற்றுக் கோடு.

ஆஸ்பத்திரிப் பையில் நம் இரண்டு பேர் துணியும் கலந்து வந்திருக்கிறது. யார் கண்ணிலும் படாமல் அம்மா துவைத்துவிட்டாள். ஆனால் இருபது வருடப் பழக்கம், துவைப்பதற்கு முன்னால் கை தானாகச் சீட்டை எழுதிவிட்டது. இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மறுபடி படித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தது நீ. ஓட்டியது நான், லைசென்ஸ் இல்லாத நான்.

சாப்பாட்டுத் தட்டோடு வந்த அம்மாவிடம் இரண்டையும் நீட்டினேன். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் உன் கையைப் பிடித்தாளாம். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே நீ, "நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன்மா, அவ கண்ணைத் தொறந்தா போதும்" என்றாயாம். என்னிடம் எந்நாளும் சொல்வதில்லை என்று வாக்கும் கொடுத்தாயாம். கண்ணைத் திறந்தவள் உனக்கு எழுதிய முதல் கடிதம் எப்படிப்பட்டது பார். வெட்கமாக இருக்கிறதடீ. சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால் தலையில் ஏற்கெனவே பதினாலு தையல்.

அம்மா மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், முழுதாக வரவில்லை. "உனக்குத்தான் ஒண்ணும் ஞாபகமில்லையே. நீ சொன்னா யாரு நம்புவா? தெரியாதவளாவே இருந்துட்டுப் போயேன்" என்று அழுதாள். அழுதுகொண்டே இறங்கிப் போய்க் கதவைப் பூட்டினாள். இத்தனை நாள் என் தலைக்காகப் பூட்டுகிறாள் என்று நினைத்திருந்தேன். கடைக்கு வருகிறவர்கள் யாராவது என்னிடம் கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று பயந்து பூட்டியிருக்கிறாள்.

நாளை வியாழன். மருந்துக்கடைக்காரர் குரல் கேட்டதும் கீழே இறங்கி அந்தக் கதவைத் தட்டப் போகிறேன். திறக்கிறவரை தட்டுவேன். அவர் என்ன சொல்வார், போலீஸ் என்ன செய்யும், ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் திட்ட வேண்டியது என்னைத்தான், அதை அவர் என் முகத்தைப் பார்த்துத் திட்டட்டும்.

இரண்டு சீட்டுகளையும் இதோடு வைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள். என்னிடம் இருந்தால் என்றாவது பயந்துபோய்க் கிழித்துவிடுவேன், என்னை உனக்குத் தெரியும். நீ கல்லூரிக்குத் திரும்ப வேண்டும், நன்றாக இருக்க வேண்டும். தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

சீட்டைப் பார்த்து யார் ஓட்டியது என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். சாவியை உன்னிடம் கேட்டு வாங்கினேனா, பிடுங்கினேனா? நீ மெதுவாகப் போகச் சொன்னாயா? அவர் குறுக்கே வந்தபோது நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்? அந்த நாள் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை விட்டுவிடு. எனக்கு வலிக்குமே என்று எதையும் குறைத்து எழுதாதே.

என்னைக் காப்பாற்றியது போதும்டீ. நான் என்ன செய்தேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் உருண்டை