ஒன்றும் பூச வேண்டாத தளம்

மார்ச் 3, திங்கள்

இன்று காலை ஏழு நாற்பதுக்கு, இரண்டாவது காபிக்கும் செருப்பைத் தேடுவதற்கும் இடைப்பட்ட நேரத்தில், இக்குடும்பத்தின் கொல்லைப்புற வரலாற்றையே மாற்றும் முடிவு எடுக்கப்பட்டது. வீட்டுக்குப் பின்னால் உள்ள மரத்தளம் பிரிக்கப்படும். அந்த இடத்தில் காம்போசிட் பலகையில் புதுத் தளம் வரும். தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவனும் நானே. மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தத்தில் எதிர்ப்பு எதுவும் காதில் விழவில்லை.

உடனடிக் காரணம், வலது குதிகாலில் ஏறிய மரச் சிலாம்பு. அரை ஊசி நீளம். அடுத்த காரணம், மூலையில் பலகை இடுக்கில் முளைத்திருக்கும் காளான்கள். வெளிறி, ஈரமாக, காது மடல் மாதிரி. மழை விட்டதும் ஒட்டுக்கேட்க வருகின்றன. மிதித்தால் எழும் ஓசையை இங்கே எழுத மாட்டேன்.

மார்ச் 4

உண்மைக் காரணத்தையும் எழுதிவைக்கிறேன். வேறு யார் படிக்கப்போகிறார்கள். மச்சான்.

மனைவியின் அண்ணன். லிப்ட் மெக்கானிக். பத்து வருடம் முன்பு நாங்கள் இங்கே குடிவந்தபோது அந்தத் தளத்தைத் தன் கையாலேயே போட்டுக்கொடுத்தார். வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் போடாத எதுவும் ஒருநாள் ஆளைக் கொல்லும் என்பது அவர் மதம். ஆகவே ஒவ்வொரு ஏப்ரலிலும், இரண்டாவது சனிக்கிழமை, இரண்டு டின் மர எண்ணெயோடு வந்து நிற்பார். கழுவிக் காயவைக்க ஒரு நாள், உப்புத்தாள் தேய்க்க ஒரு நாள், எண்ணெய்க்கு இரண்டு நாள். நான்கு நாள் வேலை. ஒன்பது நாள் தங்குவார்.

ஒன்பது நாளும் காலை ஐந்தரைக்கு வாய் கொப்பளிப்பார். அதில் மூன்று கட்டங்கள் உண்டு. மூன்றாவதில் ஏதோ வெளியே வருகிறது. மத்தியானம் தளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து நகம் வெட்டுவார். துண்டுகள் இடுக்கில் விழும். “தானா கீழ போயிடுது மாப்ள, பெருக்கவே வேண்டாம்.” அடியில் பத்து வருட நகம் கிடக்கிறது. அதன்மேல் உட்கார்ந்துதான் நான் செய்தித்தாள் படிக்கிறேன்.

மார்ச் 8, சனி

கடைக்குப் போனோம். மரத்தூளையும் பழைய பிளாஸ்டிக்கையும் உருக்கிப் பிழிந்த பலகை. நிறங்களுக்குப் பெயர் உண்டு: காட்டுத்தேன், விடியல் சாம்பல், பழந்தேக்கு. முகர்ந்து பார்த்தேன். காட்டுத்தேன் புதுச் செருப்பு வாசனை அடித்தது. நான்கு பலகைக்கு ஒருமுறை அதே மரக்கண், அதே சாய்வில்.

“மரம் மாதிரியே இருக்கும் சார்,” என்றார் விற்பனையாளர். “ஆனா மரத்தோட கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. இருபத்தஞ்சு வருஷம் ஒண்ணும் பூச வேண்டாம். யாரும் வந்து தொடக்கூட வேண்டாம்.”

கடைசி வாக்கியத்தில் விழுந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி விளம்பரப் புத்தகத்தை மூடிவைத்தாள்.

“பாசி வழுக்குது, சரி. அந்தக் காளானைக் கண்டா எனக்கும் குமட்டுது. ஆனா அண்ணன் எதுக்குங்க வருவாரு?”

“விருந்தாளியா வரட்டுமே.”

“அண்ணி தவறிப்போனதுக்கப்புறம் யார் வீட்டுலயாவது சும்மா ஒரு ராத்திரி தங்கியிருக்காரா? வேலை செஞ்சாத்தான் அவருக்குச் சோறு இறங்கும். எனக்குன்னு இருக்கறது அந்த ஒம்பது நாள்தான்.”

“நானே பேசி வரச்சொல்றேன்.”

“நீங்களா?”

“நானேதான்.”

“அப்ப முதல்ல பேசுங்க. வேலை இல்லாட்டியும் வர்றேன்னு அவர் வாயால சொல்லட்டும். அப்புறம் வாங்கலாம்.”

மார்ச் 11

பேசவில்லை. மச்சானோடு ஃபோனில் பேசுவது சுலபமுமில்லை. ஃபோன் அடித்தால் யாரோ லிப்ட்டில் மாட்டிக்கொண்டார்கள் என்றுதான் அவருக்கு அர்த்தம். “எந்த மாடி?” என்பார். மாடி இல்லை என்று தெரிந்ததும் வைத்துவிடுவார். மனைவியே வருடத்துக்கு இரண்டு தடவைதான் அழைக்கிறாள்.

எண்ணைத் தேடி எடுத்தேன். கொப்பளிப்பின் மூன்றாம் கட்டம் நினைவுக்கு வந்தது. ஃபோனை மூடிவைத்தேன்.

மார்ச் 14

“பேசினீங்களா?”

“பேசினேன்.”

“என்ன சொன்னாரு?”

“சந்தோஷப்பட்டாரு. கண்டிப்பா வர்றேன்னாரு.”

பொய் சொல்லக் கூச்சமாக இல்லை. மச்சானின் வாயில் சந்தோஷத்தைத் திணித்ததுதான் கொஞ்சம் கூசியது. அவள் வெகுநேரம் சிரித்த முகமாகவே இருந்தாள். நிறத்தையும் அவளே தேர்ந்தெடுத்தாள். பழந்தேக்கு.

மார்ச் 22, சனி

பிரித்தார்கள். ஒவ்வொரு பலகையும் ஈரப்புண்ணிலிருந்து கட்டு அவிழ்ப்பது போல் வந்தது. அடியில் கரிய கூழ், அதில் ஓடில்லா நத்தைகள், ஒரு சீப்பு, சீப்போடு பிறர் முடி. ஒரு பூரான் எங்களைப் பார்த்துவிட்டு, மரியாதைக்குரிய பிராணி எவ்வாறு செய்யுமோ அவ்வாறு, வெளியேறியது.

நகங்களைத் தேடினேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பத்து வருட வெறுப்புக்கு ஆதாரமில்லாமல் போய்விட்டது.

வேலைக்கு வந்தவர் கீழ்ச்சட்டத்தைக் கம்பியால் குத்திப் பார்த்தார். “கல்லு மாதிரி இருக்கு சார். யார் போட்டது? மேல நாலு பலகை மாத்தியிருந்தாப் போதுமே.”

யாரும் கேட்காத கருத்து.

மார்ச் 25

முடிந்தது. பார்க்க லட்சணமாக இருக்கிறது, பவுடர் பூசிய பிணம் லட்சணமாக இருப்பதுபோல. அதே மரக்கண் பதினோரு இடத்தில். மத்தியானம் வெறுங்காலை வைத்தேன், சுட்டது, எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

காலை பத்துக்கு மச்சான். இரு கையிலும் எண்ணெய் டின், தோளில் பை. மனைவிதான் கதவைத் திறந்தாள்.

“வாங்கண்ணா. எண்ணெய் எதுக்கு?”

“எதுக்கா? பூசத்தான்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் டின்னைப் பார்த்தேன்.

மச்சான் பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, விரல்முட்டியால் பலகையைத் தட்டினார். கதவைத் தட்டுகிறவர் போல, பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருந்தார்.

“நல்லாத்தான் இருக்கு மாப்ள. இதுக்கு என்ன பூசணும்?”

“ஒண்ணும் பூச வேண்டாம்.”

“உப்புத்தாளு?”

“அதுவும் வேண்டாம்.”

“திருகு எதாச்சும் முறுக்கணுமா?”

“திருகே வெளியில தெரியாது மச்சான்.”

“ம். வருஷா வருஷம் யாரு வந்து பாப்பாங்க?”

“யாரும் பாக்க வேண்டாம்.”

“அப்ப சரி,” என்று எழுந்தார்.

“நாலு நாள் இருந்துட்டுப் போங்கண்ணா,” என்றாள் மனைவி.

“இருந்து?”

கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் தட்டு எடுக்க உள்ளே போனாள். பதில் தெரிந்த நான் டின்களை ஓரமாக நகர்த்தி வைத்தேன். மச்சான் சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், நாலு மணி பஸ்ஸுக்கு இரண்டு டின்னையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஒன்றை நான் வாங்கப் போனேன். “வேண்டாம் மாப்ள, ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் நடை சரியா வரும்.”

அவர் தெருமுனை திரும்பும்வரை மனைவி வாசலில் நின்றாள். சண்டை வரும் என்று ஈரச்சாக்குப் போல் காத்திருந்தேன்.

“சந்தோஷப்பட்டாரா?” என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 13

காலை ஐந்தரைக்கு விழித்துக்கொண்டேன். ஒரு சத்தமும் இல்லை. அருவருப்பாக இருந்தது.

ஏப்ரல் 20

இந்த நாட்குறிப்பைத் திருப்பிப் படித்தேன். காளான், நத்தை, கொப்பளிப்பு, நகம். இவ்வளவு குமட்டலைப் பட்டியல் போட்டவன் ஒரே ஒரு ஐட்டத்தை விட்டுவிட்டான். அவன் தினமும் கண்ணாடி முன்னால் சவரம் செய்கிறான். அந்த வசதி இருந்தும்.

மே 3, சனி

மனைவி பெட்டி கட்டினாள்.

“அண்ணன் வீட்டுல கதவு ஜன்னல் எல்லாம் காஞ்சு வெடிச்சுக் கிடக்காம். ரெண்டு டின்னும் அங்கதானே இருக்கு. கூட நின்னு பூசிக் குடுத்துட்டு வந்துடறேன். ஒம்பது நாள்.”

“நானும் வரட்டுமா?”

“நீங்க வந்து? எண்ணெய் வாசனை உங்களுக்கு ஆகாதே.”

மே 12

ஒன்பது நாள் ஆயிற்று. ஜன்னல் முடிந்ததாம். கட்டில் பாக்கியாம்.

மே 27

நானே அழைத்தேன்.

“எந்த மாடி?”

“மச்சான், நான்தான். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மார்ச்லயே சொல்லியிருக்கணும்.”

“இருங்க மாப்ள, தங்கச்சி கையில குடுக்கறேன்,” என்றார். மரியாதையாகத்தான்.

“எப்ப வர்றே?” என்று கேட்டேன்.

“வரலாம்தான். அங்க வந்து என்ன செய்யறது?”

“வீடுன்னா செய்ய எதுவாவது இருக்காதா?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம்னுதானே வாங்கினீங்க,” என்றாள். குரலில் குத்தல் இல்லை. அது இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

ஜூன் 14, சனி

கடையிலிருந்து விற்பனையாளர் அழைத்தார். மூன்று மாதம் ஆகப்போகிறதாம், ஐந்து கேள்வி கேட்க வேண்டுமாம். நிறம் மங்கியிருக்கிறதா? இல்லை. பூஞ்சை? இல்லை. வழுக்கல்? இல்லை. பராமரிப்புக்கு யாரையாவது கூப்பிட வேண்டியிருந்ததா? இல்லை.

“கடைசிக் கேள்வி சார். தளத்தை வீட்டுல எத்தனை பேர் பயன்படுத்தறீங்க?”

“ஒருத்தர்.”

எழுதிக்கொண்டார்.