தண்ணிப் பல்லு

காரிமங்கலம்,
16.7.1986

அன்பு மகன் தீர்த்தகிரிக்கு,

தேய்த்தாலும் போகாத கறையை அழுக்கு என்று ஒரு குழந்தையிடம் சொல்லிவிட்டால், சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது? இத்தனை வருடம் தலைமையாசிரியையாக இருந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. விளம்பரம் உன் தொழில் என்பதால் உன்னைக் கேட்கிறேன்.

இங்கே நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மழை இல்லை. நிலக்கடலை போட்டவர்களுக்குச் சந்தையில் வேறு பேச்சே கிடையாது.

போன வெள்ளிக்கிழமை உங்கள் பற்பசைக் கம்பெனி வண்டி எங்கள் பெண்கள் பள்ளிக்கு வந்தது. மேலிடத்து அனுமதியோடுதான் வந்தார்கள். இந்தத் திட்டம் உன் யோசனை என்றும், நம் மாவட்டத்தை நீயே கேட்டுச் சேர்த்ததாகவும் பொங்கலுக்கு எழுதியிருந்தாய். அப்பா அதைப் பக்கத்து வீட்டாருக்கெல்லாம் படித்துக் காட்டினார்.

ஆளுக்கொரு சின்னப் பற்பசை டியூப், ஒரு வட்டக் கண்ணாடி கொடுத்தார்கள். பிறகு வந்தவர் பெண்களை வரிசையில் நிறுத்திப் பல்லைக் காட்டச் சொன்னார். வெள்ளைப் பல்லுக்குச் சட்டையில் ஒரு தங்க நட்சத்திரம். மற்றவர்களிடம், அழுக்கை விரட்டினால் உங்களுக்கும் உண்டு என்றார். நட்சத்திரம் கிடைத்த நான்கு பேரும் வத்தல்மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். அவர்களில் மாதம்மாளிடம், எதில் பல் தேய்க்கிறாய் என்று ஆவலாகக் கேட்டார். "அடுப்புக் கரிங்க சார். இது இனிக்குதே, முழுங்கிடலாங்களா?" என்றாள். அவரும் சிரித்தார். ஆனால் நட்சத்திரத்தைக் குத்தியாகிவிட்டது.

நம் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். பல் ஈறுக்குள் இருக்கும்போதே காவி ஏறிவிடுகிறது. மலை ஊற்றில் அது இல்லை. இதற்குப் பெரிய வேதியியல் படிப்பு தேவையில்லை. உங்கள் டியூபிலோ 'ஃபுளோரைடு சேர்த்தது' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. வேறு ஊர்களுக்கு அது நல்லதாகவே இருக்கலாம்.

கடைவீதித் தையற்காரர் உசேனின் மகள் பரிதா ஏழாம் வகுப்பு. காலை வணக்கத்தில் தினமும் செய்தி வாசிப்பவள். திங்கட்கிழமை மேடைக்கு வரவில்லை. கூப்பிட்டால் தாவணியால் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறாள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குகிறாள். நேற்று அவள் அம்மா அமீனா வந்தாள். "ரெண்டு நாள்ல டியூபு காலிங்க, பெரிய டீச்சர். போவலைன்னு செங்கப்பொடி போட்டுத் தேச்சு ஈறெல்லாம் ரத்தம். இனிமே பள்ளிக்கூடமே வேணாங்கிறா. எம் பல்லும் இப்பிடித்தானுங்களே, அப்ப எங்க வூட்ல எல்லாருமே அழுக்குங்களா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

நாளை கம்பெனி காலண்டருக்குப் படம் எடுக்க வண்டி மறுபடி வருகிறது. எடுத்தால் பள்ளிக்கு ஒரு குடிநீர்த் தொட்டி தருவார்களாம். அதற்கு முன் காலை வணக்கத்தில் தண்ணீர் விஷயத்தை நானே சொல்லப்போகிறேன். பரிதாவையும் கையோடு அழைத்துவரச் சொல்லி அமீனாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களிடம் வண்ணப்படம் இருக்கிறது, என்னிடம் கரும்பலகை. யாரை நம்புவார்கள் என்று எனக்கே சந்தேகம்தான்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்தாய் என்று நான் நினைக்கவில்லை. நீ வளர்ந்ததும் இந்தத் தண்ணீரில்தான். போன மாதம் அனுப்பிய படத்தில் உதட்டை இறுக்கி மூடியிருக்கிறாய். அலுவலகப் படங்கள் அப்படித்தானோ என்னவோ. அடுத்த முறை நீ சிரிக்கும் படமாக ஒன்று அனுப்பு, தம்பி. எங்கிருந்தாலும் நன்றாக இரு.

அன்புடன்,
அம்மா

17.7.1986, மாலை

உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன்.

வண்டி மதியம் வந்தது. அன்று வந்த அதே ஆள், நட்சத்திரப் பெண்களை மட்டும் படத்துக்கு நிற்கச் சொன்னார். எடுத்தால் எல்லாரையும் எடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்றேன். மேலே சொல்வேன் என்றார். சொல்லட்டும். தொட்டி வந்த வண்டியிலேயே போய்விட்டது.

காலையில் நடந்ததைத்தான் உனக்கு எழுத வேண்டும். நான் கரும்பலகையில் பல் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் நெளிந்தார்கள். ஆறாம் வகுப்புச் சின்னம்மாள் திடீரென்று, "அப்ப நம்முளுது தண்ணிப் பல்லுங்களா டீச்சர்?" என்றாள். பின்வரிசையில் ஒருத்தி, "தண்ணி போட்ட பல்லுடி!" என்றாள். சாராயக்கடை வழியாக நடந்து வரும் பிள்ளைகள். கூட்டம் மொத்தமும் வாயைத் திறந்து சிரித்தது. நான் அதட்டவில்லை.

பரிதாவும் சிரித்துவிட்டாள். சட்டென்று தாவணியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். நான் செய்தித்தாளை நீட்டினேன். ஒரு கையால் வாங்கிக்கொண்டாள். முதல் செய்தியைத் தாவணிக்குள்ளிருந்தே வாசித்தாள், யாருக்கும் கேட்கவில்லை. "கேக்கலடி!" என்று கத்தினார்கள். அடுத்த செய்தி உள்பக்கத்தில் இருந்தது. காற்று வேறு. தாளைப் பிரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. தாவணியை விட்டுவிட்டு, மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைக் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி வாசித்தாள்.