மாமாவின் பெயர் எந்தப் பக்கம்

நிக்கோசியா,
அக்டோபர் 2003

அன்புள்ள அந்த்ரூலாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம் என்றே எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்குத் தூக்கம் குறைவு, மற்றபடி குறையில்லை. மெல்போர்னில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். எல்லைத் தடுப்பைத் திறந்து ஆறு மாதமாகியும் நகரத்தின் அந்தத் துருக்கியர் பக்கம் ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தாய். போன செவ்வாய்க்கிழமை போய்வந்தேன். அப்பா வரவில்லை. "என் ஊர்ல ஒரு தெருவுல இருந்து அடுத்த தெருவுக்குப் போக நான் பாஸ்போர்ட் காட்டணுமா? நீ போ, முத்திரை வாங்கு, அப்படியே நெத்தியிலயும் ஒண்ணு குத்தச் சொல்லு" என்றார். இதைப் பேசியே இருபத்தொன்பது வருஷம் போய்விட்டது.

வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். நான் தேடிப் போனது நிஹாத்தை. எழுபத்து நாலு சண்டைக்கு முன்னால் இந்தப் பக்கத்து சைக்கிள் கடையில், அந்தச் சண்டையில் காணாமல் போன உன் எவகோரஸ் மாமாவோடு வேலை பார்த்தவர். துருக்கியர், நம் கிரேக்கத்தை இன்னும் நம்மைப் போலவே பேசுகிறார். கதவைத் திறந்ததும், "எவகோரஸ் தங்கச்சிதானே? பேர் எதுக்கு, அந்த மூக்கு போதுமே" என்று சிரித்தார். காபி வந்தது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. சண்டை நின்ற மூன்றாம் நாள் வயலோரத்தில் மாமாவின் உடலைக் கண்டாராம். "நான்தாம்மா மண்ணு போட்டேன். யார்கிட்டச் சொல்ல? நடுவுல கம்பி. சொன்னா, நீதான் கொன்னேன்னு உங்காளுங்க சொல்வாங்க, அவனுக்கு ஏன் குழி வெட்டினேன்னு எங்காளுங்க கேப்பாங்க" என்றார். இப்படிக் கதை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் எளிதில் நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்டேன். முகத்தைப் பற்றிக் கேட்காதே என்றார். ஒரு ஷூவில் கறுப்பு நாடா, மற்றதில் வெள்ளை என்றார். அந்த வெள்ளை நாடா என்னுடைய டென்னிஸ் ஷூவில் இருந்தது. மாமா சண்டைக்குப் புறப்பட்ட அன்று காலை நான்தான் கழற்றிக் கொடுத்தேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிறு பூசையில் பெயர் வாசித்து ஜெபிக்கப் பாதிரியாரிடம் கொடுக்கும் தாளில் இடப்பக்கம் உயிரோடு இருப்பவர்கள், வலப்பக்கம் இறந்தவர்கள் என்று நான்தான் உனக்கு எழுதப் பழக்கினேன். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் என் அம்மா சாகும்போது, "காணாமப் போனவன் செத்தவன் இல்ல, அவன் பேரை அந்தப் பக்கம் எழுதிடாதே" என்று கையைப் பிடித்துச் சொன்னாள். வாரம் தவறாமல் இடப்பக்கமே எழுதி வந்தேன். நேற்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வலப்பக்கம் அம்மாவின் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் இருந்தது. அங்கே எழுதினேன். உன் அப்பா அதைப் படித்தார். கடைக்குப் போய், இறந்தவர் நினைவுக்கு அவித்துப் படைக்கும் கோதுமை வாங்கிவந்து ஊறப் போட்டார். இந்த வீட்டில் மாமாவுக்காகக் கோதுமை வேகப்போவது இதுதான் முதல் தடவை.

குளிர் விட்டாலும் காலுறை போட்டுக்கொள். கடவுள் உன்னைக் காக்கட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காதே: உன் தாளிலும் மாமாவின் பெயரை வலப்பக்கம் மாற்றிவிடு. நீயும் எழுதினால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறையும்.

அன்புடன்,
அம்மா