ராணிக்குக் கொடுத்த மயக்கம்

ஜன. 27, செவ்வாய்

காலையில் கடும் பனி. எதிரே வருகிற வண்டி தெரியவில்லை.

மதியம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து கலையரசி என்றொரு அம்மா, நாய் ராணியைத் தூக்கிக்கொண்டு. நெல் அறுப்பு மிஷினில் பின்னங்கால் மாட்டிவிட்டது. காலை எடுத்தாக வேண்டும். வயது பதினொன்று, இதயமும் பலவீனம்.

“காலு போனா போகட்டும் டாக்டரம்மா. உசுரோட குடுங்க. அவரு போனப்புறம் வீட்ல நான் பேசுறது இதுகிட்டதாங்க.”

வாயு மயக்கம் கூடினால் இவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடும். வலிமருந்து ஃபென்டனிலை நரம்பு வழியாகத் தொடர்ந்து ஓடவிட்டால் வாயு குறைவாகவே போதும். படித்தது. செய்வது இதுதான் முதல் முறை.

உதவியாளர் செல்வியக்காவுக்கு விளக்கினேன். “ஆத்துல தண்ணி வந்துட்டா போர் மோட்டாரக் கொறச்சிக்குவோம்ல, அதானே டாக்டர்?” அதேதான். அத்தோடு நிறுத்தினாரா? மகளுக்கு வரன் பார்க்கும் கதை. பதற்றத்தில் எரிந்து விழுந்தேன். “நாளைக்கு ஆபரேஷன் ரூம்ல நீங்க வாயே திறக்கக் கூடாது.” முகம் சுண்டிப்போனது. ச்சே.

வாங்க வேண்டியவை: மருந்து ஏற்றும் பம்புக்குக் குழாய், காபித்தூள்.

ஜன. 28, புதன்

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

அறுவை செய்தது நண்பர் சேகர். மயக்கம் என் பொறுப்பு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களைக் குறிப்பது செல்வியக்கா. ஃபென்டனில் ஓடத் தொடங்கியது. பாதியில் ரத்த அழுத்தம் சரிந்தது. ரத்தம் போகிறது என்று நினைத்து சலைனை வேகமாகத் திறந்தேன். சேகர், “இங்க ரத்தமே இல்லப்பா.” இன்னும் சரிவு. கலையரசியம்மாவிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

என் மூக்குக்கு நேரே அந்தக் குறிப்புத் தாள். செல்வியக்காவின் விரல் வாயு அளவு வரிசை மேல். இரண்டு, இரண்டு, இரண்டு, இரண்டு. நான் வாயு டயலைக் குறைக்கவே இல்லை! பழக்கதோஷத்தில் வழக்கமான எண்ணிலேயே விட்டிருக்கிறேன். படிப்படியாக இறக்கினேன், ஒன்றுக்கும் கீழே. ராணி விழித்து அசையவில்லை, அந்த வாயுவே போதுமாயிருந்தது. அழுத்தம் மெல்ல ஏறியது.

முடிந்ததும் அக்காவிடம் கேட்டேன், ஏன் சத்தம் போடவில்லை என்று.

“வாயத் தொறக்கக் கூடாதுன்னீங்க. கைய நீட்டக் கூடாதுன்னு சொல்லலியே.”

மன்னிப்புக் கேட்டேன். அழுதேன் என்றும் எழுதலாம். ராணி பிழைத்தது இவரால். பின்னால் நானே காப்பாற்றினேன் என்று பீற்றிக்கொள்ளாமலிருக்க இங்கே எழுதி வைக்கிறேன்.

காபித்தூள் மறந்தாச்சு.

பிப். 9, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. ராணிக்குத் தையல் பிரித்தோம். மூன்று காலில் வாசல்வரை ஓடி, கதவில் முட்டி, திரும்பி வந்தாள். கலையரசியம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செல்வியக்காவைக் காட்டினேன். அவர் கையையும் பிடித்துக்கொண்டார். மனசு நிறைந்தது.

மாலை இன்னொரு நாய்க்கு ஆபரேஷன். ஃபென்டனில் ஓட ஆரம்பித்ததும் நானே கேட்டேன், “அக்கா, மாப்பிள்ளை வீட்ல என்ன சொன்னாங்க?”

“மொதல்ல டயலக் கொறைங்க டாக்டர். அப்பறம் சொல்றேன்.”